மண்டையோட்டின் அடித்தளத்துக்கான எம்ஆர்ஐ பேக்கேஜ்: படம் நல்லது, சிடி ஸ்கேன் எங்கே?

காண்ட்ரோசார்கோமா என்னும் அரிய குருத்தெலும்புக் கட்டி டி2 (நீர்ச்சத்தை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ முறை) படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், கார்டோமா என்னும் இன்னொரு அரிய எலும்புக் கட்டியும் அப்படித்தான் தெரியும். இடத்தைப் பார்த்துதான் பிரிக்க வேண்டும்: கார்டோமா பெரும்பாலும் மண்டையோட்டு அடித்தளத்தின் நடுவே சரிவாக இருக்கும் கிளைவஸ் எலும்பின் நடுக்கோட்டில், காண்ட்ரோசார்கோமா பொதுவாகப் பக்கவாட்டில், உட்காது அமைந்த பெட்ரஸ் எலும்பும் பிடரி எலும்பும் சேரும் இணைப்பில். இந்தப் பேக்கேஜில் டிஃப்யூஷனும் (திசுவில் நீர் அசைவதைக் காட்டும் எம்ஆர்ஐ படம்) எடுத்து, அந்த அசைவின் அளவான ஏடிசி மதிப்பை எண்ணாகவே அறிக்கையில் தருகிறார்கள். அருமையான விஷயம்! காண்ட்ரோசார்கோமாவில் அந்த எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

குறை, சிடி ஸ்கேன் இதில் இல்லாததுதான். காண்ட்ரோசார்கோமாவுக்குள் வளையமும் வில்லுமாகப் படிந்த சுண்ணாம்பு எம்ஆர்ஐயில் எளிதில் தப்பிவிடும். 1 மி.மீ.க்கு மிகாத தடிமனில், எலும்பு விண்டோவில் (எலும்பு தெளிவாகத் தெரியும் அமைப்பில்) சிடி ஸ்கேனைத் தனியாகக் கேட்டு எடுங்கள், 5 மி.மீ. வெட்டில் அந்த வளையங்கள் மங்கிவிடும். ஃபிலிம் போதாது, குறுந்தகட்டில் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினி வடிவம்) கோப்பாக வாங்குங்கள். முடிவைப் பயாப்சிதான் (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) சொல்லும்: அந்தத் திசுவில் பிராக்கியூரி என்ற புரதத்தைத் தேடும் சோதனை கார்டோமாவில் பாசிட்டிவ், காண்ட்ரோசார்கோமாவில் நெகட்டிவ்.