மலைப்பாதையில் மொரிஸ் மைனரும் கொரோலாவும்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் எங்கள் வீட்டில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா வாங்கிய 1959 மொரிஸ் மைனர் 1000; 948 சிசி, 37 குதிரைவலு. மற்றது 1981 டொயோட்டா கொரோலா கேஈ70, 1290 சிசி 4கே எஞ்சின். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்த காலத்துக் கார் அது. இரண்டையும் பல வருடமாக நானே ஓட்டுகிறேன்.

ஏற்றத்தில் மொரிஸ் மெதுவாகத்தான் போகும், ஆனால் சோர்ந்து நிற்காது. சிரமம் முதல் கியரில். அதற்கு சின்க்ரோமெஷ், அதாவது கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு, இல்லை. ரம்பொடை வளைவில் முன்னால் போகும் லொறி தவழ ஆரம்பித்தால், டபுள் கிளட்ச் போட்டுத்தான், அதாவது நியூட்ரலில் கிளட்சை விட்டு, அக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துத்தான் முதல் கியருக்கு இறக்க வேண்டும். இதில் கொரோலா எவ்வளவோ சுகம். ஸ்டியரிங் என்று வந்தால் மட்டும் என் ஓட்டு மொரிஸுக்கே. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1948லேயே ரேக் அண்ட் பினியன், அதாவது பல் தண்டும் பற்சக்கரமும் நேரடியாகச் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங், வைத்துவிட்டார். குறுகலான தோட்டப் பாதையில் முன்சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்பது கைக்கே தெரியும்.

இறக்கம் வேறு கதை. மொரிஸுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சர்வோவும் கிடையாது. நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறவே மாட்டேன். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி பிடிக்காது. கொரோலாவின் முன் டிஸ்க் பிரேக் மழையிலும் நம்பிக்கையாக நிற்கும். அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றால் யோசிக்காமல் கொரோலாச் சாவியைத்தான் எடுப்பேன். பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கினால் அதன் ஹீட்டர் உடனே துடைத்தது போலத் தெளிவாக்கிவிடும்.

பராமரிப்பில் மொரிஸ் தினமும் கவனம் கேட்கும். பிரேக் ஒயில் பார்க்க, டிரைவர் காலடியில் கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் அதற்குக் கீழேதான் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் மரையுள்ள மூட்டான ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து சக்கரமே மடிந்து விழும். காலையில் சாவியைத் திருப்பினால் எஸ்யூ என்ற மின்சார பெற்றோல் பம்ப் டிக்டிக்கென்று அடித்து, பெற்றோல் நிரம்பியதும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டாங்க் காலி. இதைவிட நேர்மையான மீட்டர் கொரோலாவில் இல்லை.

பாகங்களுக்குக் கவலை வேண்டாம். இங்கிலாந்துக்கே மொரிஸ் மைனர் பாகங்கள் செய்து அனுப்பிய நாடு இது. கொரோலாவுக்குச் சின்ன டவுன் கடையிலும் சாமான் கிடைக்கும்.

மலையில் ஒரே கார்தான் வைத்திருக்க முடியும் என்பவர் கொரோலாவையே வாங்கட்டும். மொரிஸ்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். வண்டியைத் தூக்கி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதியையும் (ஸில்), கியர்பொக்ஸுக்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நம்ம ஊர் ஈரம் முதலில் தின்பது அந்த இரண்டையும்தான்.