மருத்துவ ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிலரங்கு: போகலாமா?

வார்டிலும் ஓ.பி.யிலும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டாக்டர்களுக்காக நடக்கும் இரண்டு நாள் பயிலரங்கு இது. குறைகளையும் சொல்லப்போவதால் நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. நான் குழந்தை நல மருத்துவர். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சான்றிதழுக்காக வந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல் நாள் காலையை நீங்கள் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. கற்றலின் இலக்குகளை ப்ளூம் 1956-இல் அடுக்கிய படிநிலைகள் என்று ஸ்லைடு மேல் ஸ்லைடு. அதில் உருப்படியானது 1990-இல் மில்லர் போட்ட பிரமிடு ஒன்றுதான். மாணவருக்கு விஷயம் தெரிகிறது, எப்படிச் செய்வது என்று தெரிகிறது, செய்து காட்டுகிறார், கடைசியில் நிஜ வேலையில் செய்கிறார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நாம் கேட்பதில் பெரும்பங்கு கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடும். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரம் வரை இழுத்தார்கள்.

மதியம்தான் விஷயம் இருந்தது. 1992-இல் குடும்ப மருத்துவத் துறையிலிருந்து வந்த 'ஒன் மினிட் பிரிசெப்டர்' முறை. வேலைக்கு நடுவே சில நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க ஐந்து படிகள்: மாணவரைத் தன் முடிவைச் சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொது விதி சொல்வது, சரியாகச் செய்ததைச் சொல்வது, தவறைத் திருத்துவது. அதை விளக்காமல் நேராக நடித்தே காட்டினார் பயிற்சியாளர். எதிரில் மாணவராக நடிக்க ஒரு நிஜ இன்டர்னையே (பயிற்சி மருத்துவர்) கூட்டி வந்திருந்தார்கள்.

"மூணு வயசுக் குழந்தை சார். நாலு நாளா காய்ச்சல், இருமல். நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல, தூங்கிக்கிட்டே இருக்குன்னு அம்மா சொல்றாங்க. வலது பக்கம் கிரெப்ட்ஸ் கேக்குது."

கிரெப்ட்ஸ் என்பது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் நொறுநொறு சத்தம். இந்த இடத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் "நிமோனியா, அட்மிட் பண்ணு" என்று முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்போம். இவர் கேட்டார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நிமோனியா சார்."

"எதை வெச்சு?"

"காய்ச்சல், இருமல், கிரெப்ட்ஸ்..."

"வேற?"

பிறகு பேசாமல் நின்றார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார், மூன்று வினாடி பொறுத்தால் பதில் நீளமாகவும் யோசித்தும் வருகிறது என்று மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்பறைகளில் கண்டு சொன்னார். மூன்று வினாடி கேட்க அற்பமாகத் தெரியும். நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று புரியும்.

"மூச்சு வேகமா இருக்கற மாதிரி இருந்துச்சு சார். ஆனா எண்ணல."

'நிமோனியா' என்ற விடை சரி. "எதை வெச்சு?" என்று கேட்டிராவிட்டால், எண்ணவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஐந்து படிகளில் உயிரானது இந்த இரண்டாவதுதான் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு ஒரே ஒரு பொது விதி சொன்னார்: ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு, குழந்தை அழாமல் இருக்கும்போது முழு நிமிடம் எண்ண வேண்டும். ஆன்டிபயாடிக் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "தூங்கிக்கிட்டே இருக்குங்கறதை அம்மாகிட்ட கேட்டு வாங்கினீங்க பாருங்க, அது ஆபத்து அறிகுறி, நல்லா கவனிச்சீங்க" என்றார். வெறும் 'குட்' இல்லை, எது நல்லது என்று விரல் வைத்துச் சொன்னார். கடைசியில் திருத்தம்: "இனிமே எண்ணிட்டு எழுதுங்க." அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், கைவேலைகளைச் சொல்லிக்கொடுக்கும் பேட்டனின் நான்கு படி முறை. முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவது. அடுத்து விளக்கியபடி மெதுவாக. மூன்றாவதில் கற்பவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நான்காவதில் அவரே சொல்லிச் செய்வது. எங்கள் மேஜையில் ஒரு மனநல மருத்துவருக்குத் தையல் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது படியில் அவர் "ஊசியை எடுங்க" என்றார். பயிற்சியாளர் விரலாலேயே எடுத்தார். "ஐயோ, நீடில் ஹோல்டரால!" நுனியைப் பிடித்தார். "அங்க இல்ல சார், பாதிக்குக் கொஞ்சம் பின்னாடி." சாய்வாகக் குத்தப் போனார். "செங்குத்தா, செங்குத்தா!" மேஜையே சிரித்தது. அவர் தலைக்குள் எது நின்றது, எது நழுவியது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது, நோயாளி மேல் ஊசி படுவதற்கு முன்பே. இந்த ஒரு அமர்வுக்காகவே போகலாம்.

ஸ்னாப்ஸ் முறையும் வந்தது; மாணவரே கேஸைச் சுருக்கி, சாத்தியங்களைக் குறுக்கி, அலசி, சந்தேகம் கேட்டு, திட்டம் போட்டு, படிக்க ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மேற்படிப்பு மாணவர்களுக்குப் பொருந்தும். முதல் போஸ்டிங்குக்கு வந்தவரிடம் கேட்டால் பாவம், முழிப்பார்.

இனி குறைகள். ஃபீட்பேக்குக்கு பெண்டில்டன் விதிகளைத்தான் சொன்னார்கள்: முதலில் மாணவர் தான் நன்றாகச் செய்ததைச் சொல்ல, ஆசிரியர் ஆமோதிக்க, அப்புறம்தான் திருத்த வேண்டியது. 1984-இலிருந்து இருக்கிறது. பாராட்டு முடிந்து 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்கும் மாணவர் காதில் பாராட்டு ஏறுவதில்லை. நெரிசலான ரவுண்ட்ஸில் இந்த வரிசையைப் பிடிக்க முடிவதும் இல்லை. இன்னொன்று, அந்த இன்டர்ன் ரொம்பச் சமர்த்து. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றதும் "தெரியல சார்" என்று நிற்கும் பிள்ளையை என்ன செய்வது? நான் கேட்டதற்கு, "இதுல ரெண்டுல எது மாதிரி இருக்கு?" என்று கேள்வியைச் சின்னதாக்குங்கள் என்றார் பயிற்சியாளர். நல்ல பதில், ஆனால் கேட்டதால்தான் வந்தது.

பெரிய குறை வேறு. இரண்டு நாளும் நோயாளி அந்த அறையில் இல்லை. நிஜத்தில் அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்திலேயே நிற்பார். 'ஆபத்து அறிகுறி' என்ற சொல் முதலில் அவர் காதில்தான் விழும். எதைக் கட்டிலருகே பேசுவது, எதை வராந்தாவுக்கு எடுத்துப்போவது, அம்மாவிடம் முதலிலேயே எப்படிச் சொல்லி அனுமதி கேட்பது என்பதற்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை.

பதிவு செய்யும் முன் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறேழு பேருக்கு மேல் என்றால் தையல் மேஜையில் உங்கள் முறை வராது; வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும். முடிந்த பிறகு உங்கள் வார்டுக்கே வந்து பார்ப்போம் என்றும் சொல்வார்கள். எங்களுக்கு வந்தது ஒரு ஃபீட்பேக் படிவம் மட்டும்.