ரிவர்ஸில் மட்டும் திணறாத கார்

என் பெட்ரோல் கார் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. போன வருடம் அதில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அரை விநாடி திணறும், அப்புறம் ஒரு ஜெர்க்கோடு பிக்கப் எடுக்கும். சீரான வேகத்தில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை.

இந்த மாதிரிப் புகாருக்கு வழக்கமான வைத்தியம் பிளக், காயில், ஃப்யூயல் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதான வண்டியில் எதைப் புதிதாகப் போட்டாலும் கொஞ்சம் நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும். பிளக் மாற்ற வேண்டிய காலம் எப்படியும் வந்திருந்ததால் அதை மட்டும் மாற்றினேன். திணறல் அப்படியே இருந்தது.

அடுத்து, வண்டியில் செருகினால் அதன் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் போனில் காட்டும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். இதன் பயன் கோளாறு எண்ணைப் படிப்பதில் மட்டும் இல்லை, ஃப்யூயல் டிரிம் என்ற அளவைக் காட்டுவதில்தான் பெரிதாக இருக்கிறது. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தைப் பிடிக்க, புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டு இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம் அது. 5க்குள் இருந்தால் கவலை இல்லை. பிளஸ் 10ஐத் தாண்டி நின்றால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்குவம் லீக்கை, அதாவது திராட்டில் வால்வைத் தாண்டிய பகுதியில் காற்று உள்ளே கசியும் ஓட்டையைத் தேடலாம். ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற உயர்ந்தால் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் பக்கம் பார்க்கலாம்.

என் வண்டி இரண்டிலும் சேரவில்லை. ஐடிலில் 4, நியூட்ரலில் 2500 வைத்தாலும் ஏறக்குறைய அதே. கிளம்பும் நொடியில் மட்டும் 20க்குத் தாவியது. நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் திணறவில்லை. ரிவர்ஸில் மேட்டில் ஏற்றினாலும் திணறவில்லை! பெட்ரோல் பம்புக்கு எந்த கியரில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? காயிலுக்கும் தெரியாது.

கியருக்குத் தகுந்தபடி மாறுவது இன்ஜின் சாயும் திசை. முன்னால் போகும்போது தன்னைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டின் மேல் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம். அப்படிச் சாயும்போது இழுபடுவது காற்றளவு சென்சாருக்கும் திராட்டில் பாடிக்கும் (ஆக்ஸிலேட்டருக்குத் தகுந்தபடி காற்றைத் திறந்து மூடும் வால்வு) நடுவில் இருக்கும் மடிப்பு ரப்பர் குழாய். கழற்றி வளைத்துப் பார்த்தால், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க மடிப்பில் நீளமான விரிசல். சும்மா இருக்கும்போது மூடிக்கொள்ளும், இழுத்தால் வாய் திறந்து சென்சார் அளக்காத காற்றை உள்ளே விடும். புகை விட்டுச் சோதித்தாலும் குழாயைக் கையால் அசைக்காவிட்டால் இது சிக்காது. சிலர் சொல்வதுபோல் சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடாதீர்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு.

ஒன்று கவனிக்க வேண்டும்: காற்றை அளக்கும் சென்சார் இருக்கும் வண்டிக்குத்தான் இந்தத் துப்பு. மேனிஃபோல்ட் (திராட்டிலைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டியில் திராட்டிலுக்கு முன்னால் குழாய் கிழிந்தால் பெரும்பாலும் திணறாது, வடிகட்டாத தூசிதான் உள்ளே போகும்.

குழாயோடு, அமுங்கிப்போயிருந்த இன்ஜின் மவுன்ட்டையும் மாற்றினேன். மவுன்ட்டை விட்டுவிட்டால் புதுக் குழாயும் அதே மடிப்பில் கிழியும். அன்றிலிருந்து டிரிம் 2, 3க்கு மேல் போகவில்லை, திணறலும் வரவில்லை.

ஸ்கேனரில் குறைகளும் உண்டு. பழைய வண்டியின் தகவல் தொடர்பு மெதுவானது. திரையில் பத்து அளவுகளைப் போட்டால் எல்லாமே தாமதமாக வரும், ஒரு நொடித் திணறல் கண்ணில் படாமலே போய்விடும். இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. ப்ளூடூத் அவ்வப்போது அறுந்துபோகும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்க முடியாது, பதிவு செய்து வைத்துப் பிறகுதான் பார்க்க வேண்டும். செருகியபடியே நாள்கணக்கில் வண்டியை நிறுத்தினால் பேட்டரியும் இறங்கும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுகிறேன்.