டோஸ்ட்மாஸ்டர்ஸ்: மேடை பயத்துக்குக் கட்டும் சந்தா தகுமா?

கை நடுக்கத்தை நிறுத்தும் மந்திரம் எதுவும் டோஸ்ட்மாஸ்டர்ஸில் கிடையாது. நடுங்கிக்கொண்டே பேசி முடிக்கப் பழக்குகிறார்கள், அதுதான் பலிக்கிறது. 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப் பேச்சு பழகும் கிளப்புகளின் அமைப்பு. ஆறு மாதச் சந்தா 60 டாலர், புதிதாகச் சேர 20. சில கிளப்புகள் மேலே கொஞ்சம் வாங்கும்.

முதல் உரை உங்களைப் பற்றியே. நேரம் காட்ட, நாலாவது நிமிடத்தில் பச்சை விளக்கு, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. நீங்கள் விட்ட 'ஆ', 'ம்ம்', 'வந்து' எல்லாவற்றையும் ஒருவர் எண்ணி, முடிவில் வாசிப்பார். சுருக்கென்றுதான் இருக்கும்.

கொடுத்த காசுக்கு உண்மையான சரக்கு 'டேபிள் டாபிக்ஸ்'. எழுந்த பிறகே தலைப்பு தெரியும். 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். பாதியிலேயே உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. ஒரு கருத்து, அதற்கு ஒரு உதாரணம், மறுபடி அதே கருத்து என்று போனால் நேரம் தானாக நிரம்பும்.

வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர்தான் அதிகம் தடுமாறுவார். ஒரு வரி நழுவினால் அடுத்தது வராது. தொடக்கமும் முடிவும் இரண்டிரண்டு வரி போதும், நடுவுக்கு அட்டையில் நாலு சொல்.

குறையும் உண்டு. இருபது பழகிய முகங்கள், எதற்கும் கைதட்டல். மைக் இல்லாத அறையில் பழகியவர், கல்யாண மண்டபத்தில் மைக்கை விட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுவார், குரல் கேட்காது. பணம் கட்டுமுன் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டம் பாருங்கள். பேச்சின் நிறை குறை சொல்ல வேண்டிய மதிப்பீட்டாளர் 'சூப்பர்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால், வேறு கிளப் தேடுங்கள்.