சீசன் கடைசியில் கோல் வாங்கும் டீமுக்கு இந்த டர்ஃப் எவ்வளவு உதவும்?

வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் உள்ள ஃபுட்பால் கூண்டு டர்ஃப் இது, அதாவது சுற்றிலும் வலை கட்டிய செயற்கைப் புல் மைதானம். இரண்டு கூண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். வார நாள் ராத்திரி மணிக்கு 1,200 ரூபாய், 12 பேர் போட்டால் தலைக்கு நூறு. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஸ்லாட் கிடைப்பது கஷ்டம். செவ்வாய், புதன் ஒன்பது மணிக்கு மேல் சுலபமாகக் கிடைக்கும். ஃபிரண்ட்ஸோடு ஃபைவ்ஸ் (டீமுக்கு ஐந்து பேர்) ஆட வருபவர்களுக்கு இது நல்ல இடம், அதில் மாற்றுக் கருத்தில்லை. லீக் ஆடும் டீம் சீசனின் பின்பாதியில் டிஃபென்ஸைச் சரி பண்ண இங்கே வந்தால் காசு தேறுமா என்பதைத்தான் விவரமாகப் பார்க்க வேண்டும். வடசென்னையில் நிறைய டீம்கள் அந்த எண்ணத்தோடுதான் புக் பண்ணுகின்றன.

முதலில், பேக் லைன், அதாவது பின்னால் நிற்கும் டிஃபென்ஸ் வரிசை, ஏன் தளர்கிறது? "பசங்களுக்கு வெறி போச்சு" என்று சொல்லிவிடுவது அநியாயம். சீசன் கடைசியிலும் ஸ்டாப்பரின் (டிஃபென்ஸ் நடுவில் நிற்பவர்) முதல் ஓட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அது முடிந்த பத்து விநாடிக்குள் வரும் இரண்டாவது ஓட்டத்தில்தான் கால் வராது. மேட்ச் அடுத்தடுத்து வரும்போது தொடையின் பின்தசை முழுசாக ஆறுவதில்லை. தன் கால் மேல் சந்தேகம் வந்த ஸ்டாப்பர் முதுகுக்குப் பின்னால் பந்து விழுமோ என்று பயந்து ஐந்து மீட்டர் பின்னாலேயே நிற்பார். நடுவில் ஆடுபவர்கள் அவரோடு சேர்ந்து இறங்கவில்லை என்றால் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் பெரிய இடம் காலியாகும். எதிர் டீம் அங்கிருந்து அடிக்கும். இதற்குள் மஞ்சள் கார்டு சேர்ந்து ஒருவர் வெளியே உட்கார்ந்திருப்பார், இன்னொருவருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். ஒன்றாக ஆடிப் பழகாத இரண்டு பேர் டிஃபென்ஸ் நடுவில் ஜோடியாக நிற்பார்கள். "ஏறு" என்று யார் குரல் கொடுப்பது என்பதே அவர்களுக்குள் முடிவாகியிருக்காது.

இரண்டாவது ஓட்டம், பின்வாங்கும் லைன், பழகாத ஜோடி: இந்த மூன்றில் டர்ஃப் நன்றாகச் சரி பண்ணுவது ஜோடியைத்தான். 20 மீட்டர் அகலத்தை இரண்டு ஸ்டாப்பர்கள் காப்பது பெரிய கிரவுண்டில் அவர்கள் பங்குக்கு வரும் இடத்துக்கு ஏறக்குறைய சமம். மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் காக்க, நாலு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட ஓய்வு என்று நாலு ரவுண்டு வைக்கலாம். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜோடியை மாற்றுங்கள், மூன்றாவது ஸ்டாப்பர் இரண்டு பேரோடும் ஆடியாக வேண்டும். ஒருவர் பந்தை நோக்கிப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் சாய்வாக மூன்று, நாலு மீட்டரில் கவர் நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றால் ஒரு பாஸில் இரண்டு பேருமே காலி. இதைக் கற்றுக்கொள்ள இதைவிட நெருக்கமான இடம் கிடைக்காது.

இரண்டாவது ஓட்டத்துக்கும் இங்கே வழி உண்டு. 20 மீட்டரை ஆறு முறை, இடையில் 25 விநாடி ஓய்வோடு ஓடவிட்டு, முதல் ஓட்டத்தின் நேரத்தையும் ஆறாவதன் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். வாரா வாரம் இடைவெளி கூடினால் அந்த ஆளுக்கு வேண்டியது ஓய்வு, அவரை மேலும் ஓட வைத்தால் தசை கிழியும். பின்தசைக்கு நார்டிக் பயிற்சி: முட்டி போட்டு, குதிகாலைப் பக்கத்து ஆள் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. ஒழுங்காகச் செய்யும் டீம்களில் பின்தசைக் காயம் பாதியளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதை சீசன் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள் ஐந்து தடவைக்கு மேல் போக வேண்டாம், மேட்ச்சுக்கு முந்தின இரண்டு நாள் தொடவே வேண்டாம். வலி பிடித்துக்கொள்ளும்.

ஃபிஃபாவின் 11 ப்ளஸ் வார்ம்-அப் இருபது நிமிடம் எடுக்கும். கூண்டுக்குள் அதைச் செய்தால் 400 ரூபாய் போய்விடும். கேட்டை ஒட்டிய சிமெண்ட் தரையில் மெதுவோட்டத்தையும் பேலன்ஸ் பயிற்சிகளையும் முடித்துவிட்டு, குதிக்கும் பகுதியை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த இடம் கெடுப்பது. பெரிய கிரவுண்டின் பெனால்டி பாக்ஸே 40.3 மீட்டர் அகலம், இந்தக் கூண்டு அதில் பாதி. நாலு பேர் லைன் பிடித்து ஏறி இறங்குவதை இங்கே பழகவே முடியாது. ஆஃப்சைடு (கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) இல்லாமல் ஆடிப் பழகிய விங் பேக், அதாவது ஓரத்து டிஃபெண்டர், லீக் மேட்ச்சில் ஒரு அடி பின்னால் நின்று எதிர் டீம் ஆட்கள் எல்லோரையும் ஆன்சைடாக்கிவிடுவார். சுற்றிலும் வலை இருப்பதால் பந்து வெளியே போவதே இல்லை. கார்னர் இல்லை, த்ரோ இல்லை. மேல் வலையும் தாழ்வு, உயரமான கிராஸ் அடித்தால் வலையில் பட்டு விழுகிறது. தலையால் அடித்து வெளியேற்றுவதும், அப்படிப் போன பந்து மறுபடி விழும் இடத்தில் ஆள் நிற்பதும் சீசன் கடைசியில் டீமைக் காப்பாற்றும் வேலைகள். இரண்டுக்கும் இங்கே வழியில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு ராத்திரி போதும். மூன்று ராத்திரி வரும் டீமின் பேக் லைன் இறுகி, நடுவிலேயே குவிந்து, இரண்டு ஓரத்தையும் திறந்துவிடும்.

ராத்திரியில் மட்டும் பயிற்சி எடுப்பதில் இன்னொரு சிக்கல். மேட்ச் மதியம் மூன்றரைக்கு இருந்தால் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்காது. பழக பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும். கடல் ஈரமும் சேர்ந்த நம்ம ஊர் வெக்கையில் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் டிஃபென்ஸ் உடைவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது மண் கிரவுண்டில், மேட்ச் நேரத்திலேயே இறங்குங்கள். லைன், கார்னர், கிராஸ் எல்லாம் அங்கேதான்.

தரையைப் பற்றி: நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, ரப்பர் துகள் போதுமான அளவு உண்டு. இரண்டு கோல் வாசலிலும் துகள் கலைந்து புல் படுத்துவிட்டது. அங்கே திடீரென்று திரும்பினால் வழுக்குகிறது, ஸ்டாப்பர் அதிகம் திரும்புவதும் அங்கேதான். மேனேஜரிடம் சொன்னால் பிரஷ் போடுகிறார்கள், துகள் கொட்டுவதில்லை. இரண்டாவது கூண்டில் ஒரு மூலையில் ஒட்டு விட்டு புல்விரிப்பின் ஓரம் தூக்கியிருக்கிறது. வீங்கிய கணுக்காலோடு ஆடுபவர்கள் அந்தக் கூண்டைத் தவிர்க்கவும். நீளமான ஸ்டட் (அடியில் நீட்டிய முனை) வைத்த ஷூ வேண்டாம், புல்லில் மாட்டினால் முட்டி திரும்பும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் முனைகள் வைத்த டர்ஃப் ஷூ காய்ந்த மண் கிரவுண்டுக்கும் ஆகும். மழைச் சேற்றுக்கு மட்டும் ஸ்டட் தனியாக வேண்டும்.

லைட் முதல் கூண்டில் சீராக விழுகிறது. தண்ணீர் கேன் உண்டு, உப்பு சர்க்கரை கரைசல் நீங்களே கொண்டுவர வேண்டும். உள்ளே ஓடும் பாட்டை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துகிறார்கள். குரல் கேட்காமல் டிஃபென்ஸ் பயிற்சி நடக்காது, அதனால் உள்ளே போனதும் முதலில் அதைக் கேளுங்கள். புக் பண்ணும்போதே முதல் கூண்டு என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தருவார்கள்.