ஜாபிரேக்கர்: 1994 ஆல்பமா, 1995 ஆல்பமா?

ஜாபிரேக்கர் என்ற அமெரிக்க பங்க் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், சிறு நிறுவனத்தின் வழியாக 1994இல் வந்த ‘24 அவர் ரிவெஞ்ச் தெரபி’யில் தொடங்குவதா, கெஃபன் குழுமத்தின் டிஜிசி என்ற பெரிய இசை நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘டியர் யூ’வில் தொடங்குவதா என்று தயங்குகிறார்கள்.

ஒலிப்பதிவு: முன்னதன் பெரும்பகுதியை ஸ்டீவ் அல்பினி மெருகின்றிப் பதிவுசெய்தார். பின்னதைத் தயாரித்தவர், கிரீன் டே என்ற பங்க் குழுவின் ‘டூக்கி’ ஆல்பத்தில் பணியாற்றிய ராப் கவல்லோ; அதில் கிட்டார் ஒலி அடர்த்தியானது, பளபளப்பானது.

குரல்: முன்னதில் குழுவின் பாடகர் பிளேக் ஸ்வார்சன்பாக்கின் குரல் கரகரக்கிறது. பின்னதில் அது தணிந்து ஒலிக்கிறது. எனக்கு அந்தத் தணிவில்தான் துயரம் கூடுதலாகக் கேட்கிறது.

வரவேற்பு: முன்னது ரசிகர்களின் சொத்தாகவே கொண்டாடப்பட்டது. பெரிய நிறுவனத்தில் சேரமாட்டோம் என்று சொல்லிவந்த குழு வாக்கை மீறியதாக எண்ணிய ரசிகர்கள் பலர் பின்னதைப் புறக்கணித்தனர்; அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை, 1996இல் குழுவும் பிரிந்தது. பாடல்களைக் கேட்பதற்கு முன்பே ஒப்பந்தத்தைக் கொண்டு ஓர் ஆல்பத்தை எடைபோட்டது அநீதி என்றே கருதுகிறேன்.

கிடைக்கும் நிலை: நெடுங்காலம் அச்சில் இல்லாத ‘டியர் யூ’வை, டிரம்ஸ் கலைஞர் ஆடம் ஃபாலர் 2004இல் தம் சொந்த நிறுவனத்தின் மூலம் மீண்டும் வெளியிட்டார்.

பங்க் இசையின் வேகத்தையும் நெருக்கத்தையும் நாடுவோருக்கு 1994 ஆல்பமே பொருந்தும். சொற்களில் ஊன்றி, இரவில் தனிமையில் முழுமையாகக் கேட்பவருக்கு நான் தயங்காமல் ‘டியர் யூ’வைத் தருவேன்.