11,800 ரூபாயும் போய், இருந்த முடியும் போனது: மெல்லிய முடி உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று சாயங்காலம்தான் கடைசியாக அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். "ஒட்டின முடிக்கு ரீஃபண்டு கிடையாதுக்கா, பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 11,800 ரூபாய். தம்பி கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன். ஆறிவிட்டால் போனால் போகிறது என்று நானும் விட்டுவிடுவேன், அடுத்த வாரம் இன்னொருத்தி அதே மாடிப்படி ஏறுவாள்.

பெயர் போடவில்லை. முடி ஒட்டுவதற்கென்றே நடத்துகிற ஸ்டுடியோ. கடைவீதி மாடியில், ஏசி போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த இடம். இந்த மாதிரிக் கடை இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது.

என் முடி சின்ன வயதிலிருந்தே மெல்லியது. ஓர் இழையை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் இருப்பதே தெரியாது. ஆனால் நிறைய இருந்தது, அதனால் குறையாகத் தோன்றியதில்லை. போன நவம்பரில் டெங்கு வந்தது. ஜனவரியிலிருந்து சீப்பு வைத்தாலே கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. மார்ச்சில் என் பின்னல் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது. தம்பி கல்யாணத்தில் நான்தான் நாத்தனார். தாலியில் மற்ற இரண்டு முடிச்சுகளையும் போடப்போகிறவள். மணமேடையில் எல்லோரும் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்தில், பூ வைத்தால் நிற்கிற அளவுக்காவது ஒரு பின்னல் வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தக் கடையைப் பிடித்ததற்குக் காரணம், பேசிய விதம். அங்கே இருந்த பெண் என் முடியை அவிழ்த்து, இரண்டு கையாலும் மெதுவாகக் கோதிப் பார்த்தாள். "காய்ச்சல் வந்துச்சாக்கா? எனக்கும் டெலிவரிக்கு அப்புறம் இப்படித்தான் ஆச்சு, அழுதுட்டே இருப்பேன்" என்றாள். நான்கு மாதமாக வீட்டில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நீளமான கற்றையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நூறு சதவீதம் ரெமி, கோயில் முடி. சமயபுரம், பழனி, திருப்பதியில இருந்து வர்றது." ரெமி என்றால் வேரும் நுனியும் திசை மாறாமல் சேர்த்த முடி. என் மகனுக்குச் சமயபுரத்தில்தான் மொட்டை போட்டோம். ஆத்தாவுக்குக் கொடுத்த முடி என்று கேட்டதும் மனம் இளகிவிட்டது. ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. அதிலிருந்து இரண்டு இழையைக் கேட்டு வாங்கி, அங்கேயே தீக்குச்சியில் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாடைதான் வந்தது, தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. நுனியிலிருந்து வேர்ப்பக்கம் விரலால் நீவிப் பார்த்தேன், லேசாகச் சொரசொரத்தது. வேரிலிருந்து நுனிக்கு வழுக்கியது. நல்ல முடிக்கு அதுதான் அடையாளம். "பார்த்தீங்களாக்கா, விஷயம் தெரிஞ்சவங்க நீங்க" என்று சிரித்தாள். நான் சோதித்தது மாதிரிக்கு வைத்திருந்த கற்றையை. என் தலையில் ஏறியது வேறு.

விலை 18,000 என்று சொல்லி, கல்யாண ஆஃபர் என்று 11,800-க்கு வந்தாள். டேப் எக்ஸ்டென்ஷன், அதாவது பசைப் பட்டையால் நம் முடியோடு ஒட்டுகிற வகை, 40 துண்டு, 100 கிராம், ஒட்டுக்கூலியும் சேர்த்து. நான் கிளிப் வகைதான் கேட்டேன். "உங்க முடிக்குக் கிளிப் நிக்காதுக்கா, இழுத்துட்டு வந்துடும். டேப்புன்னா வெயிட்டே தெரியாது, தலைக்கு ரொம்ப மென்மை" என்றாள். யுபிஐயில் அங்கேயே 11,800 ரூபாயையும் அனுப்பினேன். பில் என்று ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தாள். அதில் 'ஹேர் சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. எத்தனை கிராம், என்ன முடி, ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அப்போது பார்க்கவில்லை.

மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் கண்ணாடி, பாக்கெட்டைப் பிரித்தது முதுகுக்குப் பின்னால். எழுந்து பார்த்தபோது இடுப்பு வரை முடி. பொய் சொல்லவில்லை, அன்று ரொம்பச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் தலைக்குளியலில் பளபளப்பு போனது. இரண்டாவதில் நுனி வைக்கோல் மாதிரி ஆனது. மூன்றாவது குளியலுக்குப் பிறகு பிடரியில் சிக்கு விழுந்து, விரல் நுழையவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கோயிலில் மழிக்கிற முடியில் வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும்படி கட்டிவைக்க முடியும். தெருவில் பாத்திரத்துக்கும் ஹேர்பின்னுக்கும் மாற்றாக வாங்கிப்போகிற சிக்கு முடியில் அந்த ஒழுங்கு இருக்காது, வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கும். முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் உண்டு. எதிரெதிராகக் கிடந்தால் அவை ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். அதை மறைக்க அமிலத்தில் போட்டுச் செதிலை உரித்துவிட்டு, மேலே சிலிகான் பூசுகிறார்கள். கடையில் நாம் பார்க்கிற பளபளப்பு அந்தப் பூச்சுதான். சில குளியலில் அது கழுவிக்கொண்டு போய்விடும், சாயம் வெளுத்துவிடும்.

முடி சிக்கானதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். வலியைப் பொறுக்க முடியவில்லை. நாலாம் நாளிலிருந்தே இரவில் தலையைத் தலையணையில் வைக்க முடியாது. காதுக்கு மேலே, நெற்றி ஓரத்தில், யாரோ பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. போனில் கேட்டதற்கு, "புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றாள். பன்னிரண்டாம் நாள் காலை வலது காதுக்குப் பின்னால் ஒரு டேப் கழன்று கையோடு வந்தது. அதோடு என் சொந்த முடியும், வேரோடு. அந்த இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெறும் தோல்.

அன்றிலிருந்து ஓட விட்டார்கள். முதலில், "எண்ணெய் வெச்சிருப்பீங்க, அதான் பசை இளகியிருக்கு." எண்ணெய் பட்டால் டேப் பசை இளகும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஒட்டும்போதே சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் தலையில் முடியை ஒட்டிவிட்டு, எண்ணெய் வைக்காதே என்று சொல்ல மறந்தோம் என்றால் என்ன அர்த்தம்? அடுத்து, உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பு என்றார்கள். அடுத்து, மேடம் ஊரில் இல்லை, திங்கள்கிழமை வாருங்கள். திங்கள்கிழமை போனால் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மேடம் புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. என்னிடம் "அழுதுட்டே இருப்பேன்" என்று சொன்ன அதே பெண் புதன்கிழமை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். வேறொருத்தி வந்து, "கழட்டணும்னா 1,500 ரூபாய் தனி, வேணும்னா அடுத்த சர்வீஸுக்கு 2,000 டிஸ்கவுன்ட் தர்றோம்" என்றாள். 11,800 வாங்கிக்கொண்டு, அடுத்த சர்வீஸுக்கு டிஸ்கவுன்ட். அன்று இரவே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

வேறொரு பார்லரில் 900 ரூபாய் கொடுத்துக் கழற்றினேன். அங்கே இருந்த அம்மா பழைய ஆள். கரைசலை ஊற்றி, ஒவ்வொரு டேப்பாக, இரண்டு மணி நேரம் பொறுமையாக எடுத்தார். "என்னம்மா இது, மண்டைத் தோலை ஒட்டியே வெச்சிருக்காங்க, கொஞ்சம் இடைவெளி விட வேண்டாமா? நெற்றி ஓரத்துல எல்லாமா ஒட்டுவாங்க?" என்றார். இரண்டு டேப்புக்கு நடுவில் பிடிக்கிற சொந்த முடி, ஒட்டுகிற முடியின் கனத்தைத் தாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டுமாம். எனக்குப் பத்துப் பதினைந்து இழையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காய வைத்து, சமையலறைத் தராசில் போட்டேன். 154 கிராம். நூறு என்று சொன்னது. சிக்கு முடி மலிவுதானே, கூடப் போட்டால் பார்க்க அடர்த்தியாக இருக்கும், பணமும் போகாது. கனத்தைச் சுமக்கப்போவது என் வேர்தான். ஐந்து இழை எடுத்துக் கொளுத்தினேன். மூன்று கருகியது. இரண்டு சுருண்டு, பிளாஸ்டிக் வாடையோடு கெட்டி மணியாக உருகியது. மனித முடி கூட முழுசாக இல்லை.

தோல் மருத்துவர் சொன்னதைக் கேட்டபோதுதான் உடைந்துபோனேன். டெங்கு மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும், காத்திருந்திருந்தாலே போதும் என்றார். கொட்டிக்கொண்டிருக்கும் தலையில் எதையும் ஒட்டவே கூடாதாம். தொடர்ந்து இழுபட்டால் வேர்க்கால் தழும்பாகி அந்த இடத்தில் முடி வராமலே போகலாம், நல்லவேளை சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்றார். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் வந்ததா என்று கேட்டாளே அந்தப் பெண், அவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் 11,800 வாங்கினாள்.

மெல்லிய முடிக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது மணி பன்னிரண்டு, தலை வலிக்கிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.

முடி கொட்டிக்கொண்டிருந்தால் முதலில் டாக்டர், பிறகு மற்றது. ஒருநாள் விசேஷத்துக்கு ஒட்டுகிற எதுவும் வேண்டாம். காலையில் மாட்டி இரவில் கழற்றுகிற கிளிப் வகை போதும், அதுவும் இரண்டு மூன்று பட்டை, உள்ளே சிலிகான் பிடிப்பு வைத்த சின்னக் கிளிப், மொத்தம் நூறு கிராமுக்குள். தலையைச் சுற்றி, தூண்டில் நரம்பு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையில் உட்காருகிற வகையும் இருக்கிறது. அது முடியைப் பிடிப்பதே இல்லை. மாதிரியைக் கொளுத்திப் பார்க்காதீர்கள், உங்கள் தலைக்கு ஏறப்போகும் பாக்கெட்டைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து எடுத்துக் கொளுத்துங்கள். எடை போடச் சொல்லுங்கள். கிராமும் முடியின் வகையும் பில்லில் எழுதாமல் பணம் அனுப்பாதீர்கள். வலித்தால் அன்றே கழற்றுங்கள், பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தராசுப் படம், உருகின இழை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் அழைக்கப்போகிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அம்மா இன்று பீரோவிலிருந்து அவருடைய சவுரியை எடுத்துக் கொடுத்தார். சீப்பில் வந்த தன் முடியைச் சேர்த்து வைத்துக் கட்டச் சொல்லி வாங்கியது, நான் பிறப்பதற்கும் முந்தையது. பின்னலோடு சேர்த்துப் பின்னிப் பார்த்தோம். நெற்றி ஓரத்தில் எங்கேயும் இழுக்கவில்லை. காதுக்குப் பின்னால் அந்த வெற்றிடம் மட்டும் தெரிகிறது, அதன் மேல் பூ வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.